கோயில் பட்டியலில் பேர் காணோமா? ஆளைச் சந்தேகிக்கும் முன் கம்பியூட்டரைப் பாருங்க



போன நவராத்திரி முடிந்தும் வாட்சாப் குரூப்பில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆறாம் நாள் உபயக் குடும்பம் மாலையும் பழத்தட்டுமா வந்து நிக்குது. அறிவிப்புப் பலகையில் வேறொருத்தர் பேர். பணம் கட்டின ரசீது அவங்க கையில இருக்கு. உடனே கிளம்பின பேச்சு என்ன? "பொருளாளர் பேரை எடுத்துட்டார்." பல வருசமா ஒரு காசு பிசகாமல் கணக்குப் பார்த்த மனுசன், அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கோயில் பக்கமே வரல. அதனால்தான் தொண்டர்கள் நாங்கள் இதை எழுதுறோம்.

பேரை யாரும் எடுக்கல. அன்று ஆபீஸ் கம்பியூட்டரில் இன்டர்நெட் இல்லை. அங்கே ஒருத்தர் பட்டியலைத் திறந்து இந்தக் குடும்பத்தின் பேரைச் சேர்த்தார். அதே நேரம் இன்னொருத்தர் வீட்டு லேப்டாப்பில் அதே பட்டியலில் வேறு பேர் சேர்த்தார். ரெண்டு பேரும் சேவ் பண்ணினாங்க. லைன் திரும்ப வந்ததும், எது சரின்னு கிளவுடுக்குத் தெரியல. ரெண்டையும் வச்சுக்கிட்டது. ஒன்று பழைய பேரில், இன்னொன்று கம்பியூட்டர் பேரும் சேர்ந்த புதுப் பேரில். பலகைக்கு அச்சடிச்சது முதல் ஃபைலை. உண்மை வெளிவந்தது ரசீது புத்தகத்தின் கார்பன் நகலாலும், அந்த ரெண்டாவது ஃபைலாலும்தான்.

இப்போ ரெண்டு கட்சி. "பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கே போவோம்" என்பது பெரியவர்கள் கட்சி. "கம்பியூட்டர் தானா பார்த்துக்கும்" என்பது இளைஞர்கள் கட்சி. ரெண்டுமே சரியில்லைன்னுதான் எங்களுக்குப் படுது. கிளவுட் ஃபைலைச் சுமந்து போகும் ஆள் மாதிரி. எது சரி, எது தப்புன்னு தீர்ப்புச் சொல்லாது. அதை நிர்வாகம்தான் முடிவு பண்ணணும். தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது ஒரு மிஷினுக்கு ஒரே ஒரு லாக் புக்தான். ரெண்டு புக் இருந்தா மறுநாள் சண்டை நிச்சயம். கோயிலுக்கும் அதே கதைதான்.

ஃபைல் வரல, பேர் காணோம்னா, வாயைத் திறக்கும் முன் இதைப் பாருங்க:

1. ஒன்டிரைவ் என்றால் ஃபைல் பக்கத்தில் என்ன குறி? பச்சை டிக் என்றால் ஃபைல் இந்த மிஷினில் இருக்கு. நீல மேகம் என்றால் இன்டர்நெட்டில் மட்டும்தான், லைன் இல்லாமல் திறக்காது. சிவப்பு எக்ஸ் என்றால் ஏறவே இல்லை.

2. ரெண்டு கம்பியூட்டரிலும் ஒரே அக்கவுன்ட் திறந்திருக்கா? சொந்த ஈமெயிலில் திறந்தா கோயில் ஃபைல் எப்படித் தெரியும்?

3. இடம் இருக்கா? கூகள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான். திருவிழா வீடியோ அதை நிரப்பிட்டா, புதுசா எதுவும் ஏறாது. கணக்கும் சேர்ந்து நின்னுடும்.

4. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓடுதா? டேட்டா அளவு உள்ள லைன் என்று விண்டோஸ் குறிச்சிருந்தா, ஒன்டிரைவ் தானே சிங்கை நிறுத்தி வைக்கும்.

5. பழைய கம்பியூட்டரில் தேதி, மணி சரியா? உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி போயிட்டா தேதி பின்னால் ஓடிடும். அப்புறம் லாகின் ஆகாது.

6. அதே பேரில் ரெண்டாவது ஃபைல் இருக்கா? இருந்தா ரெண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாப் பாருங்க. அவசரப்பட்டு ஒன்றை அழிச்சுடாதீங்க.

இதெல்லாம் பத்து நிமிச வேலை. ஒரு மனுசன் பேர் கெட்டா, பத்து நிமிசத்தில் சரியாகாது.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று, உபயப் பட்டியலில் எழுதும் கை ஒன்றுதான் இருக்கணும். மற்றவர்கள் பார்க்கலாம், சொல்லலாம், எழுதக் கூடாது. ரெண்டு பேர் கட்டாயம் எழுதணும்னா, இன்டர்நெட்டில் நேரடியாகத் திறந்து எழுதும் கூகள் ஷீட் மாதிரி வைங்க.

இரண்டு, அக்கவுன்ட் கோயில் பேரில் இருக்கணும். ஒருவர் பதவி விட்டுப் போனா பாஸ்வேர்டும் அவரோடு போகக் கூடாது. ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு போகணும். அப்போ போய் பழைய செயலாளரைத் தேடுறதா?

மூன்று, சிங்க் என்பது பேக்கப் இல்லை. இங்கே அழிச்சா அங்கேயும் அழியும். கூகள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். மாசம் ஒருமுறை பென்டிரைவில் எடுத்து, ஒரு பிரதி அச்சடிச்சு, கையெழுத்துப் போட்டு அலமாரியில் பூட்டுங்க. கார்பன் ரசீதையும் விடாதீங்க. நம்மைக் காப்பாத்தினது அதுதான்.

உபயக் குடும்பத்துக்கு மறுநாளே பூசை நடந்துவிட்டது, அவங்க மனசும் ஆறிடுச்சு. பொருளாளரிடம்தான் இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கல. குரூப்பில் எழுதினவங்க குரூப்பிலேயே கேளுங்க. வரும் கூட்டத்துக்கு அவர் வருவார்.

அம்பாள் துணை.