ஒரே கேபிள், பல வீடுகள்



ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பலர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கிறார்கள். ஒரே மாடியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். அப்படி ஒரு கட்டடத்துக்குக் கேபிள் வழியே இணையம் எப்படி வருகிறது, தெரியுமா?

தெருவரை கண்ணாடி இழையில் ஒளியாக ஓடிவரும் தகவல், அங்குள்ள கருவியில் மின் அலையாக மாறுகிறது. பிறகு ஒரே கேபிளில் கட்டடத்துக்குள் நுழைந்து, வீடு வீடாகக் கிளை பிரிகிறது. சுவரில் துளை போடவும், மாடிப்படி ஓரம் கேபிள் இழுக்கவும் குடியிருப்போர் ஒத்துழைக்க வேண்டும். "எனக்கு எதற்கு?" என்று சிலர் முறுக்கிக்கொண்டால் வேலை நின்றுவிடும்.

2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, இணைப்பு இல்லாத பிள்ளைகள் பலர் படிப்பில் பின்தங்கினார்கள். கட்டடங்களின் இணைய வசதிக்கு நட்சத்திரத் தரம் வழங்க, டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் விதிமுறையே கொண்டுவந்தது.

கேபிள் இணையத்தின் வேகம் பொதுக்கிணற்றுத் தண்ணீர் மாதிரி. ஒரே நேரத்தில் எல்லோரும் இறைத்தால் எல்லோருக்கும் குறையும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாளை தேர்வா? இன்று மாலை உங்கள் விளையாட்டை நிறுத்துங்கள்.

இன்னொன்று. இணைப்புக்குக் கணக்கெடுக்கும்போது காவலாளித் தாத்தாவின் அறையையும் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் ஒரு பேத்தி படிக்கலாம் அல்லவா?