தருமரைத் தொடர்ந்த துணை

மகாபாரதத்தின் 17ஆம் பருவமாகிய மகாபிரஸ்தானிக பருவத்தில், பாண்டவர் ஐவரும் திரௌபதியும் அரசைத் துறந்து புறப்படுகின்றனர். ஏழாவதாக ஒரு நாயும் உடன் செல்கிறது. திரௌபதியும் தம்பியர் நால்வரும் வழியில் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்துவிட, தருமரை இறுதிவரை தொடர்ந்தது அந்த நாய் மட்டுமே. தேருடன் எதிர்வந்த இந்திரன் அதனை விட்டுவிட்டு ஏறும்படி சொல்கிறான். நம்பி வந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டாம் என மறுக்கிறார் தருமர். அதன் பின்னரே அந்நாய் தருமதேவதையாகத் தன் உருவைக் காட்டுகிறது.

இக்கதையில் நாயின் குலமோ அழகோ பெரிதன்று. உடன் நடந்ததே பெரிது. பிள்ளைகள் தொலைவில் வாழ, துணைக்கு நாய் வளர்க்க எண்ணும் முதியோர் இதனை மனத்தில் கொள்ளுதல் நலம்.

இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் மண்ணின் பெருமைகள். எனினும் காவலுக்கும் வேட்டைக்கும் பழகிய அவ்வினங்களுக்கு ஓடித் திரிய இடம் வேண்டும். கயிற்றைப் பிடிப்பவருக்குக் கைவலிமை வேண்டும். மூட்டுவலி உள்ளவரை நாய் ஓரிழுப்பில் வீழ்த்திவிடக்கூடும். அளவான உடலும் சாந்த குணமும், அழைத்தால் வந்து நிற்கும் பழக்கமும் உள்ள நாட்டு நாயே நம்மில் பலருக்குப் போதும்.

வங்கியில் கடன் வழங்குமுன், தவணைக் காலத்தையும் வாங்குபவரின் வயதையும் சேர்த்துப் பார்ப்போம். இங்கும் அந்தக் கணக்கு உண்டு. நாய் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். எழுபதைக் கடந்தவர் குட்டியை வாங்குவதைவிட, குணம் தெரிந்த, ஐந்தாறு வயதான நாய்க்கு இடமளிப்பது இருவருக்கும் நன்று.

வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போட வேண்டும். பிரசாதமாயிற்றே என்று உலர்திராட்சை சேர்த்த சர்க்கரைப் பொங்கலை இடாதீர்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் அதற்கு ஆகாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. நமக்குப் பின் அதற்குச் சோறிடுபவர் யார் என்பதைப் பிள்ளைகளிடமோ அண்டை வீட்டாரிடமோ முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். வளர்த்தவர் மறைந்ததும் தெருவில் விடப்படும் நாய், பழகிய வாசலையே சுற்றிச் சுற்றி வரும். பைரவர் சந்நிதியில் அவர் வாகனத்தையும் சேர்த்து வணங்கும் நாம், அந்நிலைக்கு இடம் தரலாகாது.

நல்ல துணையாக இருக்க நாய்க்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம்பி வந்ததைக் கைவிடாதிருக்கத் தருமரிடம் கற்க வேண்டியவர்கள் நாமே.