குடித்துவிட்டு ஓட்டாதே! பிடிபட்டால் பதறாதே!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பீமன் நீர்வீழ்ச்சியில் குளித்து முடித்துவிட்டு ஒரு கார் மலை இறங்கப் புறப்படுகிறது. உள்ளே 4 பேர். "ஒண்ணும் ஆகாதுப்பா, நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்கிறார் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்.

இந்த "ஸ்டெடி" என்ற ஒரு வார்த்தை எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது!

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஆலங்காயம், காவலூர் வழியாகவும் ஏறலாம். எந்தப் பக்கம் ஏறினாலும் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு கை சுழல வேண்டும்.

மலைப்பாதை எப்படிப்பட்டது என்பதை இந்த மலைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். 2022 ஏப்ரல் 2-ந் தேதி, யுகாதி நாள். புதூர்நாடு பக்கம் செம்பரை மலைக் கோவிலுக்குப் புறப்பட்ட வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் பலியானார்கள். அந்த விபத்துக்குக் குடிதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு நொடி கை தவறினால் இந்த மலை எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதற்காகத்தான் சொல்கிறோம். அந்த ஒரு நொடியைத்தான் சாராயம் திருடுகிறது!

எவ்வளவு குடித்தால் குற்றம்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ம் ஆண்டு வந்தது. அதில் 185-வது பிரிவு குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றியது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். ஆள் தள்ளாடினானா, நேராக நின்றானா என்பதல்ல கணக்கு. மெஷின் காட்டும் எண்தான் கணக்கு.

முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் 2 வருடம் வரை ஜெயில், அல்லது 15 ஆயிரம் ரூபாய், அல்லது இரண்டும். முன்பு முதல் தடவைக்கு 2 ஆயிரம் ரூபாய் வரைதான் அபராதம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி ஏற்றிவிட்டார்கள். லைசென்சைக் கைப்பற்றி, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பறிப்பதற்கு அனுப்பவும் அந்தத் திருத்தம் வழி செய்கிறது.

"ராத்திரி குடிச்சேன், காலையிலதானே வண்டி எடுத்தேன்" என்று சிலர் சொல்கிறார்கள். ஏறிய போதை ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் இறங்கும். நடுராத்திரி 12 மணிக்கு 150 இருந்தால் காலை 6 மணிக்கும் 60 இருக்கும். அதாவது, சட்டம் சொல்லும் அளவைப்போல் இரண்டு மடங்கு! மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் கடித்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

குடித்தவனிடம் சாவியைக் கொடுத்து "நீயே ஓட்டு" என்பவரும் தப்ப முடியாது. 188-வது பிரிவின்படி குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனைதான்.

பிடிபட்டால் என்ன நடக்கும்?

குடித்தவன் செய்தது தப்பு. அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பிடிபட்டவனுக்கும் சட்டம் உண்டு, பிடித்தவருக்கும் சட்டம் உண்டு. இது நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாத ஆளைத்தான் புரோக்கர் மிரட்டுகிறான். தெரியாத ஆள்தான் ராத்திரியோடு ராத்திரியாக மனைவியின் கம்மலை அடகு வைக்கிறான்.

முதலில் ஒன்று. சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி, சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், "ஊது" என்று கேட்கலாம். ஊத மறுப்பது புத்திசாலித்தனம் இல்லை. மறுத்தவர் குடித்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். தக்க காரணம் காட்டாமல் மறுத்தால், அதையே கோர்ட்டு அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். 205-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

ஊதியதில் குடித்தது தெரிந்தால் கைது செய்யலாம். ஆனால் ஸ்டேஷனுக்குக் கொண்டு போன பிறகு இன்னொரு தடவை ஊதிக்காட்ட வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இருமல் மருந்து குடித்தவர், வாய் கொப்பளிக்கும் மருந்து பயன்படுத்தியவர் அதை அப்போதே சொல்லி, மறுபடி சோதிக்கும்படி கேட்க வேண்டும். ரத்தம் எடுப்பதென்றால் பதிவு பெற்ற டாக்டர்தான் எடுக்கவேண்டும். பெண்ணிடம் ஆண் டாக்டர் ரத்தம் எடுத்தால் பக்கத்தில் இன்னொரு பெண் இருந்தே ஆகவேண்டும்.

2 மணி நேரம்!

இப்போது மலைக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். 202-வது பிரிவின்படி, இந்தக் குற்றத்துக்காகக் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொண்டு போய்ப் பரிசோதிக்க வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடவேண்டும். விடுவது என்றால் வழக்கே போய்விட்டது என்று அர்த்தமில்லை. காவலில் வைத்திருக்கக் கூடாது என்றுதான் அர்த்தம்.

சென்னையில் 2 மணி நேரம் பெரிய விஷயமில்லை. திரும்பிய பக்கமெல்லாம் ஆஸ்பத்திரி. ஜவ்வாது மலையில் ராத்திரி 10 மணிக்கு ஒரு குக்கிராமத்து வளைவில் ஆளைப் பிடித்தால்? டாக்டர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே நேரம் ஓடிவிடும். அப்புறம் என்ன ஆகும்? ஒன்று, உண்மையிலேயே குடித்தவன் சாட்சியம் இல்லாமல் கோர்ட்டில் தப்பிப்பான். அல்லது, குடிக்காத ஒரு மினி லாரி டிரைவர் வாடையை வைத்தே ராத்திரி முழுவதும் பெஞ்சில் உட்கார வேண்டிவரும். மறுநாள் அவர் லோடும் போச்சு, கூலியும் போச்சு. இரண்டுமே அநியாயம்தான்!

ஜாமீன் உரிமை

இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். "ஜாமீன் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜாமீன் கேட்பது உரிமை. அதைப் போலீசாரே எடுத்துச் சொல்லவேண்டும். ஜாமீன்தாரர் பிடிக்க வசதியில்லாத ஏழையைச் சொந்தப் பத்திரத்திலேயே விடவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

கைதான செய்தியை வீட்டுக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவேண்டும். வக்கீலைப் பார்க்க உரிமை உண்டு. ஜாமீனில் விடாமல் காவலில் வைத்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக் குறிப்பு எழுதவேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும் என்றெல்லாம் கட்டளை போட்டது. 2024 ஜூலை 1-ந் தேதி பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. அதிலும் இந்த உரிமைகள் அப்படியே இருக்கின்றன.

மும்பையில் 2024-ல் சொகுசுக் கார் மோதி ஒரு பெண் இறந்தார். அந்த வழக்கில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் பாஷையில், எழுத்தில் கொடுக்கவேண்டும். உடனே எழுதிக்கொடுக்க முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுக்கவேண்டும். பணக்கார வீட்டுப் பையன் வழக்கில் வந்த தீர்ப்பு, மலைக்கிராமத்து டிரைவருக்கும் அதே தீர்ப்புதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது போலீஸ்காரரிடமே சமாதானக் கட்டணம் கட்டி முடிக்கிற வழக்குப் பட்டியலில் இல்லை. கோர்ட்டுக்குப் போகிற வழக்கு. ரோட்டோரத்தில் ரசீது இல்லாமல் "இத்தனை கொடு, விட்டுடறேன்" என்று யார் கேட்டாலும் அது அபராதம் அல்ல, லஞ்சம்!

வக்கீல் வைக்கக் காசில்லையா? 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் அது. பழங்குடியினருக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. 1987-ம் வருடச் சட்டம் தந்த உரிமை. ஜவ்வாது மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்கள் யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

செய்யவேண்டியது என்ன?

அபராதத்தை ஏற்றினால் மட்டும் விபத்து குறையாது. மலை அடிவாரத்திலேயே சோதனை நடக்கட்டும். ஏறுகிற வண்டியையும் இறங்குகிற வண்டியையும் அங்கேயே பார்த்துவிட்டால் 2 மணி நேரப் பிரச்சினை பாதி தீரும். கோடை விழா நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே ஒரு டாக்டரைப் போடலாம். மலை ஸ்டேஷன்களில் கைதானவரின் உரிமைகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டட்டும்.

மதுக்கடை விஷயமும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் 2016 டிசம்பர் 15-ந் தேதி உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. பிறகு சிற்றூர்களுக்கு அது 220 மீட்டர் ஆனது. நகர எல்லைக்கு விலக்கும் வந்தது. தூரத்தை அளக்கிறோம் சரி. வண்டியில் வந்து வாங்கி, வண்டியிலேயே குடித்து, வண்டியிலேயே மலை ஏறுகிறவனை எந்த டேப்பால் அளப்பது?

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 4 பேர் போனால் ஒருத்தர் குடிக்காமல் இருங்கள். இல்லையா, ராத்திரி மேலேயே தங்கிவிடுங்கள். அதுவும் முடியாதா, பஸ் ஏறுங்கள். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாலும் வீடு வந்து சேரும்.

குடிக்காமல் ஓட்டுகிறவனுக்கு ஊதிப் பார்க்கும் மெஷினைக் கண்டு பயமில்லை. சட்டம் தெரிந்தவனுக்கு ஸ்டேஷனைக் கண்டு பயமில்லை. இரண்டும் இருக்கிறவன் நிம்மதியாக வீட்டில் போய்ச் சாப்பிடுவான். அங்கே சோற்றைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!