குழாய்க்குப் பின்னால் ஒரு வரலாறு

தாராவியில் அதிகாலைக் குழாயடியைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீர் அரசியலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சச்சரவின் வேர் 1850களில் இருக்கிறது என்பதை ஆவணங்களைத் தோண்டிக் காட்ட ஒரு வரலாற்றாசிரியர் தேவைப்பட்டார். மும்பை பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் பணியாற்றிய மரியம் டோசல்தான் அவர்.

பம்பாயின் கதையை கவர்னர்களிடமிருந்தோ பருத்திச் சந்தையிலிருந்தோ தொடங்குவதுதான் வழக்கம். டோசல் கையில் எடுத்தது குழாயையும் சாக்கடையையும் நில அளவையையும். 1988இல் ஓர் ஆய்விதழில் வெளியான அவரது கட்டுரையின் நாயகன் ஹென்றி கோனிபியர் என்ற எஞ்சினியர். கட்டுரையின் தலைப்பிலேயே 'அரசியல்' என்ற சொல் இருந்தது. குடிநீர்த் திட்டத்தை எஞ்சினியர்களின் சாதனைப் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடும் காலத்தில், அது துணிச்சலான தலைப்புதான்.

அதுவரை பம்பாய் கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்தது. பல, செல்வந்தர்கள் தர்மத்துக்கு வெட்டியவை. 1854இல் கடும் தட்டுப்பாடு. கால்நடைகளை ஊருக்கு வெளியே ஓட்டி, படகுகளில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை. சால்செட் தீவின் மலைகளுக்கு நடுவே அணை கட்டி, இரும்புக் குழாயில் நகருக்கு நீர் கொண்டுவரலாம் என்பது கோனிபியரின் யோசனை. 1856இல் வேலை தொடங்கி, 1860இல் விஹார் ஏரி நீர் நகரை எட்டியது. நாட்டின் முதல் நகராட்சிக் குழாய்நீர்த் திட்டம் என்று சொல்லப்படுவது இதுதான்.

டோசலின் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. பணம் யாருடையது? திட்டம் தீட்டியது அரசு; செலவை நகரத்தின் தலையில் கட்டப் பார்த்ததும் அரசு. வரி என்றதும் வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். 1845 முதல் 1875 வரையிலான நகரத் திட்டமிடலை ஆராயும் அவரது நூல் 1991இல் வந்தது. லண்டனை மனதில் வைத்து வரைந்த திட்டங்கள் உள்ளூர் நிஜங்களில் மோதி உருமாறியதே அதன் சாரம். 2010இல் வெளியான அடுத்த பெரிய நூல், 1660 முதல் இன்றுவரை மும்பையில் நடந்த நிலப் போராட்டங்களைச் சொல்கிறது.

இந்தப் படிப்பெல்லாம் தமிழர்களுக்கு ஏன்? விஹார் அணை கட்டப்பட்டது மித்தி ஆற்றின் தலைப்பகுதியில். மேலே தேங்கும் நீர் குடிநீராயிற்று. கீழே குர்லாவைத் தாண்டி தாராவியை ஒட்டி மாஹிம் கழிமுகத்துக்குப் போகும் ஆறு நகரத்தின் கழிவைச் சுமக்கிறது. 1896இன் பிளேக்குக்குப் பிறகு அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் மாதுங்காவுக்கு நேர்த்தெருவும் வடிகாலும் தந்தது. அங்கே தமிழ் குமாஸ்தாக்கள் குடியேறினார்கள். ரயில் பாதைக்கு மறுபுறம், தாராவியில், திருநெல்வேலியிலிருந்து வந்த தோல் பதனிடுவோர் சதுப்பைத் தாங்களே நிரப்பிக் குடிசை போட்டார்கள். பேசியது ஒரே தமிழ், குழாய் மட்டும் வேறு.

டோசல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேட்ட கேள்வியைப் பின்னால் வந்தவர்கள் இன்றைய சேரிகளில் கேட்டார்கள். செம்பூரை அடுத்த சிவாஜி நகரின் குழாய் அரசியல் பற்றி லிசா பியோர்க்மன் 2015இலும், குழாய் இணைப்புக்கும் குடியுரிமைக்கும் உள்ள உறவு பற்றி நிகில் ஆனந்த் 2017இலும் நூல் எழுதினார்கள். ஏழு ஏரிகளிலிருந்து தினமும் சுமார் 385 கோடி லிட்டர் வருகிற ஊரில், குறிப்பிட்ட தேதிக்கு முன்பே குடிசை இருந்ததற்குச் சான்று இல்லாதவர்கள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள்.

பானி ஹக் சமிதி தொடர்ந்த வழக்கில், 2014 டிசம்பரில், சட்டவிரோதக் குடிசை என்பதற்காகத் தண்ணீரை மறுக்கக் கூடாது என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். கூடவே, அவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதல் கட்டணம் வசூலிக்கலாம் என்றும் சொன்னது.