பிள்ளை கேமரா கேட்டால்...

பிளஸ் 2 பரீட்சை முடிந்த கையோடு பைக் கேட்டு அடம் பிடித்த பையன்கள், இப்போது கேமரா கேட்கிறார்கள். அதுவும் சாதாரணக் கேமரா இல்லை. லென்ஸ், பை, ஸ்டாண்டு என்று எல்லாம் சேர்த்து 80 ஆயிரம் ரூபாயில் வந்து நிற்கிறது. தி.நகரில் என் நாத்தனார் வீட்டிலும் இதே கதைதான். "மாசத் தவணையில வாங்கிடலாம், முன்பணத்துக்குச் செயினை அடகு வெச்சா போச்சு" என்று பேசிக் கொண்டிருந்தார்கள். அந்தச் செயின், பத்தாவது படிக்கும் பெண்ணுக்கென்று எடுத்து வைத்தது. இத்தனைக்கும் அந்தப் பெண், அம்மாவின் பழைய செல்போனில் மொட்டை மாடிக் காக்கையையும், மாம்பலம் ஸ்டேஷன் பூக்காரம்மாவையும் எடுத்து வைத்திருக்கும் படங்களைப் பார்த்தால் அசந்து போவீர்கள். உனக்கு ஒரு கேமரா வேணுமா என்று அவளை யாரும் கேட்டதில்லை!

"இப்போதைக்கு வாங்காதீங்க அண்ணி" என்றேன். "உனக்குக் கேமராவைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். நான் கேமராவோடு வளர்ந்தவள் என்பது அவருக்குத் தெரியாது.

என் அப்பாவுக்கு உத்தியோகம் வேறு. போட்டோ பிடிப்பது ஆசைக்கு. நான் பிறப்பதற்கு முன்பே அவர் வாங்கிய முதல் கேமரா, பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். பின்பக்கம் சின்னச் சிவப்பு ஜன்னலில் எண் தெரியும். அதைப் பார்த்துக் குமிழைத் திருக வேண்டும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிம்தான் போடுவாராம். (அந்தத் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள்.) கபாலீஸ்வரர் கோவில் பங்குனிப் பெருவிழா முழுவதற்கும் ஒரே ரோல். மூன்றாம் நாள் அதிகார நந்திக்கு இரண்டு, ஏழாம் நாள் தேருக்கு மூன்று, எட்டாம் நாள் அறுபத்து மூவருக்கு நாலு, மீதி மூன்று வீட்டு மனுஷங்களுக்கு. அதிகார நந்தி விடியற்காலையில் புறப்பாடு. அந்த வெளிச்சம் அந்தக் கேமராவுக்குப் போதாது. அதனால் வெயில் ஏறும் வரை சுவாமி பின்னாலேயே மாட வீதியைச் சுற்றுவார். எந்த மூலையில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்பது அவருக்கு மனப்பாடம்.

பிறகு யாஷிகா எம்.எஃப்.2 வந்தது. 36 படம், கூடவே பிளாஷ். கை கொஞ்சம் தாராளமானது. 2008ல் டிஜிட்டல் வாங்கினார். அந்த வருஷம் பெருவிழாவில் மட்டும் நானூறு படத்துக்கு மேல்! ஒரு நாளாவது உட்கார்ந்து அத்தனையும் பார்த்திருப்போமா? அந்த மெமரி கார்டு எந்த டப்பாவில் கிடக்கிறதோ. கிளிக் 3ல் எடுத்த தேர்ப் படமோ இன்றும் ஹாலில் மாட்டியிருக்கிறது. "என் நல்ல படமெல்லாம் மட்டமான கேமராவுல எடுத்ததுதாம்மா" என்று அப்பாவே சொல்வார்.

உங்க அப்பா ஏதோ வீட்டோடு எடுத்தவர், அவரெல்லாம் உதாரணமா என்று கேட்கலாம். சரி, எங்கள் மயிலாப்பூரிலேயே வாழ்ந்த மா.கிருஷ்ணனைச் சொல்கிறேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். 1912ல் பிறந்தவர். காட்டு யானைகளையும் மற்ற மிருகங்களையும் படம் பிடித்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950ல் இயற்கை பற்றி எழுத ஆரம்பித்து, 1996ல் காலமாகும் வரை எழுதினார். 1970ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவ்வளவு பெரியவரின் கேமரா எப்படிப்பட்டது தெரியுமா? எந்தக் கம்பெனி என்றே சொல்ல முடியாத ஒரு பெரிய கேமராவின் உடம்பு, அதில் சேர்த்துக் கட்டிய வேறொரு டெலி லென்ஸ், இன்னும் சில துண்டு துணுக்குகள். வீட்டிலேயே தானே பொருத்திக் கொண்டது. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குச் செல்லப் பெயர் வேறு. கலர் பிலிம் வந்த பிறகும் அவர் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். ஆனால் யானை எப்படி நிற்கும், எப்படித் திரும்பும் என்று வருஷக் கணக்காகக் காட்டில் பார்த்து வைத்திருந்தார். நம் பிள்ளைகளோ பறவையின் பெயர் தெரியும் முன்பே அதை எடுக்கிற லென்ஸின் விலையைச் சொல்கிறார்கள்.

கல்யாண ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கிறவனுக்குக் கேமரா தொழில் கருவி. தையல் மிஷின் மாதிரி. அவன் கடன் வாங்கினால் கூடத் தப்பில்லை. நான் சொல்வது அவனை அல்ல. "டிஜிட்டல்ல தப்பா எடுத்தாலும் காசு செலவில்லையே, அதான் கத்துக்க நல்லது" என்கிறார்கள். வாஸ்தவம். செல்போனும் டிஜிட்டல்தானே?

பையன் கேட்டால் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டாம். வாரத்துக்குப் பன்னிரண்டே படம், செல்போனில்தான் என்று ஒரு வருஷம் எடுக்கச் சொல்லுங்கள். அடையாறு முகத்துவாரம் பக்கம் விடியற்காலையில் எழுந்து போகிறானா, இல்லை ஒன்பது மணி வரை தூங்குகிறானா என்று பாருங்கள். மாசம் ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டு சுவரில் ஒட்டட்டும். தங்கைக்கும் அதே பன்னிரண்டு. அதற்கப்புறமும் ஆசை இருந்தால் பெரிய கேமரா ஒரு நாள் வாடகைக்கே கிடைக்கிறது. கடையில் அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள் என்பதால் பெரியவர்கள் யாராவது கூடப் போவது நல்லது.

- ஒரு வாசகி, மந்தைவெளி, சென்னை.