ஊரும் வாழ்வும்: மூன்று சென்ட் நிலம்

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, நகருக்கு வெளியே மூன்று சென்ட் மனை மலிவாகக் கிடைக்கிறது. மண் கொட்டிச் சமன் செய்திருக்கிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டார். மட்டாஞ்சேரியில் இரண்டு தலைமுறையாக வாடகை வீட்டில் வாழும் குடும்பம் அது. அவருடைய ஆவலை நான் அறிவேன். எனினும், அம்மனை முன்பு என்னவாக இருந்தது என்று விசாரித்த பின்னரே விடை கூற இயலும் என்றேன். காரணத்தை எல்லோரும் அறிதல் நன்று.

கொச்சியைச் சூழ்ந்த காயலோரங்களில் பொக்காளி வயல்கள் உள்ளன. மழைநீர் உப்பைக் கழுவிச் செல்லும் கார்காலத்தில், உவர்ப்பைத் தாங்கும் பொக்காளி நெல் அங்கே விளைகிறது. அறுவடையின்போது கதிரை மட்டும் கொய்து, தாளை நீரிலேயே விட்டுவிடுவர். பின்னர் மதகின் வழியே ஓதத்தோடு புகும் இறால் குஞ்சுகளுக்கு, அழுகும் அத்தாளிலிருந்தே இரை உண்டாகிறது. கொக்கும் நாரையும் அவற்றை நாடி வருகின்றன. நம் முன்னோர் மருதத்தையும் நெய்தலையும் இரு வேறு திணைகளாக வகுத்தனர். இங்கோ ஒரே வயல் பாதியாண்டு மருதமாகவும் பாதியாண்டு நெய்தலாகவும் விளங்குகிறது.

எறணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் ஒரு காலத்தில் சுமார் 25,000 ஹெக்டேர் பரந்திருந்த இவ்வயல்களில், இன்று ஒரு சிறு பகுதியிலேயே பயிர் நடைபெறுகிறது. ஒரு வயலைத் தூர்த்தால் கேடு அதன் வரப்போடு நிற்பதில்லை. ஓதம் வந்துபோகும் கால்வாய் அடைபடுகிறது. அண்டை வயலில் உப்பு வடியாமையால் நெல் பொய்க்கிறது. அதன் உடையவரும் நாளடைவில் விற்க முற்படுகிறார். மீன் குஞ்சுகள் வளரும் இடம் குறைய, காயலில் வலை வீசுவோரின் வருவாயும் குறைகிறது. தங்க இடமற்ற மழைநீர் தெருவுக்கு வருகிறது.

நிலத்தை மாற்றுவதே தவறு என்று நான் கூறவில்லை. நமக்கு எதிரே தோன்றும் வில்லிங்டன் தீவே, 1920-இல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் காலத்தில் காயலைத் தூர்வாரிய மண்ணால் உருவாக்கப்பட்டதன்றோ? அத்துறைமுகம் நம்மவர் பலருக்குப் பிழைப்பளித்தது. ஆயினும், எஞ்சிய வயலையும் அளவின்றித் தூர்த்தல் தகாது. வேம்பநாட்டுக் காயல் 2002-இல் ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கேரளத்தில் 2008-இல் இயற்றப்பட்டது.

மனை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வழக்கில் 'நிலம்' என்பது எவ்வகை நிலத்தையும் குறிக்கும். கேரளப் பதிவேட்டிலோ அச்சொல் நெல்வயலைக் குறிக்கும். கரைநிலத்துக்குப் 'புரயிடம்' என்று பெயர். வில்லேஜ் ஆபீஸில் பதிவேட்டையும், கிருஷி பவனில் நெல்வயல்களின் டேட்டா பாங்கையும் பாராமல் முன்பணம் கொடுத்தல் ஆகாது.

நம் அன்பர் சென்று பார்த்தார். 'நிலம்' என்றே எழுதப்பட்டிருந்தது. விலை மலிவாக இருந்ததன் காரணம் அவருக்கு விளங்கிற்று. முன்பணம் கொடாமல் திரும்பிவிட்டார். அவருக்கேற்ற நல்ல புரயிடம் எங்கேனும் இருப்பின், அன்பர்கள் சங்க அலுவலகத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.