பின்திருத்தத்துக்கு என்ன கூலி?

நடிகை பி. சரோஜாதேவி 2025 ஜூலையில் காலமானார். கர்நாடக முதல்வர் சித்தராமையா அஞ்சலி செலுத்திய செய்தி கன்னடத்தில் ஃபேஸ்புக்கில் வெளியானது. ஃபேஸ்புக் அதைத் தானாகவே ஆங்கிலமாக்கிக் காட்டியது. அந்த ஆங்கிலத்தின்படி காலமானவர் முதல்வர்! மெட்டா நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, கோளாறைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. ஊரறிந்த மனிதர், உயிரோடு இருக்கிறார். பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. இதே எழுவாய்க் குழப்பம் ஒரு வாடகை ஒப்பந்தத்தில் நேர்ந்திருந்தால் யார் கண்ணில் பட்டிருக்கும்?

இயந்திரத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கனடாவில் மெட்டியோ என்ற நிரல் 1970களின் இறுதியிலிருந்து 2001 வரை வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. மழை, காற்று, வெப்பநிலை என்று சொற்களும் தொடர்களும் ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கியதால் அது சாத்தியமாயிற்று. இணையத்துக்கு அப்படி வேலி கிடையாது. இருந்தும், ஆங்கிலம் தடுமாறும் மாணவர் ஒரு பாடக் கட்டுரையின் போக்கைப் பிடிக்கவும், கொரிய மொழியில் வந்த பொருள் விவரத்தை ஒருவர் புரிந்துகொள்ளவும் இன்று முடிகிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்குமான மொழிபெயர்ப்பு மாதிரியை 2023இல் திறந்த மூலமாகவே வெளியிட்டது. இந்த வேலைகளுக்கெல்லாம் யாரும் மொழிபெயர்ப்பாளர்களான நம்மைக் கூப்பிட்டதுமில்லை, கூப்பிடப் போவதுமில்லை. ஆகவே பிழைப்பு போயிற்று என்ற புலம்பலில் பாதி வீண்.

மீதிப் பாதிதான் கவலைக்குரியது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் வந்தபோது வாக்கியங்கள் உடைந்து கிடந்தன. படித்தவர் சிரித்தார், நம்பவில்லை. 2017இல் நரம்பணு வலையமைப்பு முறை தமிழுக்கும் வந்தபின் வாக்கியம் ஒழுங்காக நிற்கிறது. ஆனால் எதிர்மறை ஒன்று உதிர்ந்திருக்கும், அல்லது நிபந்தனை கட்டளையாகியிருக்கும். தமிழை மட்டும் படித்துப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பல சேவைகள் இரண்டு இந்திய மொழிகளுக்கிடையேகூட ஆங்கிலத்தின் வழியாகப் போய்வருகின்றன. கன்னடத்திலும் தமிழிலும் உள்ள மரியாதைப் பன்மை அந்த வழியில் கழன்றுவிடுகிறது. கிழவரை ஒருமையில் அழைக்கும் கதாபாத்திரம் பிறக்கிறது.

எல்லா மொழிகளுக்கும் ஒரே தரம் கிடைப்பதுமில்லை. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு நோயாளிகளுக்குத் தரும் வீட்டு அறிவுரைகளை கூகுள் மொழிபெயர்ப்பில் இட்டுச் சோதித்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், பொருள் சிதையாமல் வந்தவை ஸ்பானிய மொழியில் 94 விழுக்காடு, ஆர்மேனிய மொழியில் 55. பெருமொழியில் பார்த்த வெற்றியை வைத்து நம்மிடம் விலை பேச வரும் வாடிக்கையாளருக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டலாம்.

தமிழ் விக்கிப்பீடியாவின் பழைய அனுபவம் ஒன்றும் இங்கே பேசப்பட வேண்டியது. 2009, 2010 ஆண்டுகளில் கூகுள் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள் அந்நிறுவனத்தின் கருவித்தொகுப்பைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி அதில் ஏற்றினார்கள். தமிழ் வாசகருக்கு ஒட்டாத தலைப்புகள், ஆங்கில வாக்கியத்தின் எலும்பு துருத்தும் நடை, குறை சொன்னால் பதில் சொல்ல ஆளில்லாமை என்று விக்கிப்பீடியர்கள் பொங்கினார்கள். பிறகு நிறுவனத்துடன் பேசிச் சில ஒழுங்குகளும் செய்தார்கள். அந்நாளில் கூகுளின் இயந்திர மொழிபெயர்ப்பில் தமிழே இல்லை. அந்த இயந்திரத் தமிழை எழுதியவை மனிதக் கைகள். ஏற்றும் கட்டுரைக்கு யாரும் பொறுப்பேற்காத ஏற்பாட்டில், உட்கார்ந்திருப்பது ஆளா நிரலா என்பது பெரிய வேறுபாடு இல்லை.

இன்று ஏஜென்சிகள் பின்திருத்தம் என்ற பெயரில் அதே ஏற்பாட்டைத்தான் நீட்டுகின்றன: இயந்திரம் முக்கால் வேலையை முடித்துவிட்டது, மேலோட்டமாகத் தடவிக் கொடுங்கள், சொல்லுக்குப் பாதிக் கூலி. இந்தக் கணக்கு தவறு. சரளமான வரைவில் பிழை தேட மூலத்தை வரிக்கு வரி படித்தாக வேண்டும். பல நேரம் புதிதாக எழுதுவதே விரைவாக முடியும். மேலோட்டமாகத் தடவிய உரை இணையத்தில் ஏறி, அடுத்த மாதிரிக்குப் பயிற்சித் தரவாகவும் போகிறது. இணையத்தில் சிறுமொழிகளில் உள்ள உரையில் பெரிய பங்கு ஏற்கெனவே இயந்திரம் பெயர்த்ததுதான் என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டியது.

எனவே இவ்விதழ் உறுப்பினர்களுக்குச் சொல்வது இது. பின்திருத்த வேலையைச் சொல் கணக்கில் ஏற்காதீர்கள், மணிக்கணக்கில் கேளுங்கள். மூல உரை கைக்கு வராமல் வேலையைத் தொடாதீர்கள். மருத்துவம், சட்டம், காப்பீடு ஆகியவற்றில் மேலோட்டத் திருத்தத்துக்கு உங்கள் பெயரைக் கொடுக்க மறுத்துவிடுங்கள். திருத்தாமல் வெளியாகும் பக்கத்தில், இது இயந்திர மொழிபெயர்ப்பு என்ற குறிப்பும் மூலத்துக்கான இணைப்பும் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தால், பிழைக்கு யார் பொறுப்பு என்ற வரியை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.